விதைக்குத் தெளித்த தண்ணீர்

“அவங்களுக்கு இன்னா, மல்லாட்ட வெதைக்கத் தெரியாதா? நீ போயித்தான் சொல்லித் தரணுமா?”

பாஸ்போர்ட் விசாரணைக்காகக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்துபோன அன்று என் அத்தை இப்படிக் கேட்டார். மல்லாட்டை என்று செஞ்சிப் பக்கத்தில் நாங்கள் சொல்வது நிலக்கடலையை. ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில், கடலை பயிரிடும் ஒரு கிராமத்தில், ஒரு வருடம் தன்னார்வத் தொண்டராக இருக்க என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விசாரணைக்கு வந்தவர் சாட்சிக் கையெழுத்துக் கேட்டபோது தெருக்கோடி வரை போய் ஒருவரை அழைத்து வரவேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

“வெதைக்கத் தெரியும் அத்த. நல்ல மாதிரி வெதைக்கத் தெரியணும் இல்ல?” என்றேன்.

“ஆமா, இவ ஏர் ஓட்டிக் கிழிச்சவ.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் மட்டும் சிரிக்கவில்லை. “அது படிச்ச பொண்ணுக்கா, உனக்கு இன்னா தெரியும்” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அத்தை கேட்ட கேள்விக்கு யாரும் சரியான பதில் சொல்லவில்லை என்பது அப்போது எனக்குப் படவில்லை.

நைனா கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். நெல்லும் மல்லாட்டையும் ஏலம் போகும் விற்பனைக் கூடத்துக்கு ஊரில் அதுதான் பெயர். அம்மா மல்லாட்டை உடைக்கப் போவாள். கமிட்டிக்குப் போகாத மூட்டைகள் சில சமயம் வீட்டுக்கே வரும். அப்படி வந்தால் முந்தின நாள் சாயங்காலம் அம்மா மூட்டையைத் தரையில் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி வைப்பாள். காலையில் ஓடு இளகியிருக்கும். இரண்டு விரல் வைத்து அழுத்தினால் சத்தமில்லாமல் பிளந்துகொள்ளும். நான் சுவரோரம் புத்தகத்தோடு உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். கை வைத்ததில்லை. வைக்க விட்டதில்லை. “இதத் தொட்டீனா கைய ஒடிச்சிடுவேன், போயி படி” என்பாள் அம்மா. வேளாண்மைப் பட்டம் வாங்கும்வரை என் விரல்கள் பேனாவைத் தவிர வேறெதற்கும் காய்த்துப்போகவில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இல்லை என்று சொல்லமாட்டேன்.

நான் போய்ச் சேர்ந்த கிராமம் பார்வைக்கு அவ்வளவு அந்நியமாக இல்லை. செம்மண், அடுக்கிவைத்தது போல் பாறைக் குன்றுகள். எங்கள் செஞ்சியில் இருப்பது போல் ஒரு குன்றின் மேலும் கோட்டை மதில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சோள மாவில் கிண்டிய கெட்டிக் களியைக் கீரையோடு தொட்டுச் சாப்பிடுவார்கள். கைப்பம்பில் வரிசை நிற்கவேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்கள் முதல் வாரம் எனக்கு இடம் விட்டார்கள், இரண்டாவது வாரம் விடவில்லை. அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான் தங்கியிருந்தது ஒரு விதவையின் வீட்டில். நாற்பது வயது இருக்கும். பெண்களை மரியாதையாக ‘அமாயி’ என்று அழைப்பார்கள் அங்கே. நானும் அவரை அப்படித்தான் அழைத்தேன். பதினான்கு பெண்கள் சேர்ந்த ஒரு குழு இருந்தது. அறுவடை முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் கடலையில் ஒரு பங்கைப் பொதுவிதையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அது அமாயி வீட்டின் ஓர் அறையில் பூட்டியிருக்கும். மழை தொடங்கியதும் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது அவர்தான். சாவியை இடுப்புத் துணியின் முனையில் முடிந்து வைத்திருப்பார். அவருக்கு மாடு இல்லை, வளர்ந்த பிள்ளைகள் இல்லை, பெரிய நிலம் இல்லை. ஆனால் அவர் கூட்டத்துக்கு வந்தால் பாயில் இடம் ஒதுக்குவார்கள். அந்த இடம் சாவிக்குக் கிடைத்தது.

அந்த வருடம் மேகம் முன்கூட்டியே திரண்டுவிட்டது. மூட்டைகள் உடைபடாமல் கிடந்தன. கடலை உடைக்கும் கைமெஷின் பழுதாகி, பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்திலேயே இருந்தது. பதினான்கு பேரும் நானும் அமாயி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து காய்ந்த கடலையைக் கையால் உடைத்தோம். மூன்றாம் நாள் எல்லோர் விரல் நுனியும் பிளந்திருந்தது. என்னுடையது முதல் நாளே பிளந்துவிட்டது.

அப்போதுதான் நான் எழுந்து, ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தேன். எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வோம், என் அம்மா இருபது வருடமாகச் செய்கிறாள் என்றேன். என் ஊரிலிருந்து அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஏதோ இருக்கிறது என்ற சந்தோஷம் என் குரலில் இருந்திருக்கும்.

அமாயி வாளியைப் பார்த்தார். “விதைக்குமா?” என்று கேட்டார்.

“விதைக்கும்தான்” என்றேன்.

ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த முற்றத்தில் எனக்கு நினைவு வந்தது பாடப்புத்தகம் அல்ல, சத்தமில்லாமல் பிளந்த ஓடுகள். ஒரே நாளில் வேலை முடிந்தது. பெண்கள் என் பெயரை வைத்துக் கைதட்டிப் பாடினார்கள். இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். மூன்றாம் நாள் வானம் மூடிக்கொண்டது. காய்ந்தது போதும் என்று மூட்டை கட்டச் சொன்னேன்.

மழை வந்து மூட்டையைப் பிரித்தபோது ஒரு வாடை அடித்தது. சில பருப்புகளின் மேல் பச்சையாகப் பொடி படிந்திருந்தது. பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை விதைத்தார்கள். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாக வெறும் மண். அங்கொன்று இங்கொன்று முளைத்திருந்தது. ஒன்றுகூட முளைக்காமல் போயிருந்தாலாவது பரவாயில்லை என்று தோன்றியது, அந்த ஒன்றிரண்டைப் பார்க்கும்போது.

மாமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். குழுத் தலைவி என்னிடம்தான் முதலில் கேட்டார். “நீ படித்தவள். தண்ணீர் தெளித்ததாலா?”

“இல்லை. தண்ணீர் வெயிலில் காய்ந்துவிட்டது. வைத்திருந்த அறையில் ஈரம் இருந்திருக்கிறது” என்று சொன்னேன்.

அது முழுப் பொய்யும் இல்லை. அந்த அறைக் கூரைத் தகரத்தில் ஒரு மூலையில் ஒழுகல் இருந்தது, ஆனால் மூட்டைகள் அந்தப் பக்கம் இல்லை என்பது எனக்கும் அமாயிக்கும் தெரியும். அவர் என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு தலைவி கை நீட்டினார். அமாயி இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் அவிழ்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பதின்மூன்று பேரும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலமும் எனக்குக் களி வைத்துக் கொடுத்தார். எப்போதும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்று என் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் லீவில் கிளம்பும்வரை அப்படித்தான் நடந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன்பு செஞ்சி வந்து இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் நைனா நின்றிருந்தார். கமிட்டியில் வேலை இருக்கும் நேரம், பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். தோளில் சாக்குத் தூசி அப்படியே இருந்தது. “நம்ம ஏவாரிங்க எல்லாம் கேட்டுகினே இருக்கறாங்க, எங்க உம் பொண்ணு, எங்க உம் பொண்ணுன்னு” என்றார். என் பெட்டியை என்னிடம் கொடுக்கவில்லை. தலையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக முன்னால் நடந்தார். சுற்றுவழி அது. ஏன் அந்த வழி என்று எனக்குத் தெரியும்.

“இன்னாம்மா, சிங்கம் பாத்தியா?” என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

“சிங்கம் இன்னா, அதுக்கே பாடம் சொல்லிக் குடுத்துட்டு வந்துகீது” என்றார் பக்கத்தில் இருந்தவர். நைனா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

வீட்டில் அத்தை என் கையைப் பிடித்துப் பார்த்தார். “கறுத்துட்ட. எளைச்சுட்ட. சரி, மல்லாட்ட நல்லா வந்துச்சா அங்க?”

“வந்துச்சு அத்த” என்றேன்.

பொங்கல் முடிந்த வாரம் மலாவியில் தொண்டர்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். இரண்டாவது வருடத்துக்கு நான் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தேன். அழைத்த பெண் தயங்கித் தயங்கிப் பேசினார். அந்தக் கிராமத்தில் விதை விஷயமாகக் கொஞ்சம் மனக்கசப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டோம், தங்கியிருந்த வீட்டம்மாவால் வந்த பிரச்சினை என்று சொன்னார்கள், உனக்கும் சங்கடமாக இருக்கும், தலைநகரத்துப் பயிற்சி மையத்துக்கு மாற்றிவிடவா என்று கேட்டார். அறை, கரண்ட், குழாய்த் தண்ணீர் எல்லாம் இருக்கும் என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. போனை வைத்த பிறகுதான் ‘வீட்டம்மாவால் வந்த பிரச்சினை’ என்ற வார்த்தை காதுக்குள் வந்து உட்கார்ந்தது. அது அலுவலகம் வரை போய்விட்டது. எங்கோ ஒரு கோப்பில் அப்படித்தான் இருக்கப்போகிறது.

அதற்குப் பிறகு பத்து நாள் இருந்திருக்கும். சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. கெட்டவர்களுக்கும் இரண்டும் நடக்கும் என்று கண்டுகொண்டேன். என்னிடம் ஒரு சமாதானம் இருந்தது. நானாக எதையும் கண்டுபிடித்துச் செய்யவில்லை, என் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். இங்கே முளைக்கிறது, அங்கே முளைக்கவில்லை என்றால் மண்ணோ மழையோ காரணமாக இருக்கலாம். செஞ்சி முழுவதையும் எனக்குச் சாட்சியாக நிறுத்தி வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை அம்மாவோடு நானும் போனேன். தளவானூர்ப் பக்கம் ஒரு நிலத்துக்காரர் வீட்டுக் களத்தில் உடைப்பு வேலை. இந்த முறை அம்மா தடுக்கவில்லை. படித்து முடித்துவிட்டேன் அல்லவா. ஐந்தாறு பெண்கள் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கட்டைவிரலிலும் துணி சுற்றியிருந்தது. கடலை எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. டப் டப்பென்று ஓடு தெறித்தது.

“தண்ணி தெளிக்கலியாம்மா?” என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “இன்னாடி கேக்கற? இது வெதைக்கு.”

“நீ எப்பவும் தெளிப்பியே.”

“அது எண்ணெய்க்குப் போறது, மண்டிக்குப் போறது. வெதைக்கு எவளாவது தண்ணி தெளிப்பாளா? பயிறு பூசணம் பூத்துப் பூடும். வெரலே போனாலும் வெதைய காஞ்சதாத்தான் ஒடைக்கணும்.”

பக்கத்தில் இருந்த பெண் சிரித்தாள். “ஏங்கா, உம் பொண்ணு வெளிநாட்டுக்காரனுக்கே வெவசாயம் சொல்லிக் குடுக்குதுன்னு சொன்ன. இதுக்கு வெத மல்லாட்டைக்கும் வறுகடலைக்கும் வித்தியாசம் தெரியல.”

“பாவம் வுடுடி, அது படிச்ச பொண்ணு” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

என் வீட்டுக்கு வந்த மூட்டைகள் எல்லாம் எண்ணெய்க்கானவை. விதைக்கு உடைப்பது எப்போதும் களத்தில் நடந்தது, நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில். என் அம்மா செய்வதில் பாதியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாதியை முழுசு என்று சொல்லி இன்னொரு நாட்டில் விற்றிருக்கிறேன். மத்தியானம்வரை காய்ந்த கடலையை உடைத்துக்கொண்டே இருந்தேன். சாட்சிக்கு நிறுத்தியவர்களில் ஒருவர்கூட என் பக்கம் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, வாடை, சாவி, ஒழுகல். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அந்தம்மா உன்ன ஒண்ணுமே கேக்கலியா?”

“கேக்கல.”

“உனக்கு சோறு போட்டுச்சா?”

“தெனமும் போட்டுச்சு.”

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “யாருகிட்டயும் சொல்லாத. உங்க நைனா கமிட்டி பூரா பெரும பேசி வச்சிருக்குறாரு. அதான் வேற எடம் குடுக்கறாங்க இல்ல, கம்முனு அங்க போ. ஊர் பேர் தெரியாத எடத்துல போயி நான்தான் கெடுத்தேன்னு நின்னா, அடிச்சிட்டாங்கன்னா நாங்க இன்னா பண்றது?”

அடிக்க மாட்டார்கள் என்றேன். “உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். எனக்குத் தெரியாதுதான்.

அமாவாசை அன்று மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டு நின்றன. அம்மா எனக்காக வேண்டிக்கொள்ளப் போயிருந்தாள். வீட்டில் நான் தனியாக இருந்தபோது போனில் ஒரு குரல்பதிவு வந்தது, குழுத் தலைவியின் எண்ணிலிருந்து. பேசியது அமாயி. அவரிடம் அந்த மாதிரிப் போன் கிடையாது. தலைவியிடம் கேட்டு வாங்கிப் பேசியிருக்கிறார், தன்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்ட அதே பெண்ணிடம்.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டார். உன் அம்மா நலமா, அப்பா நலமா, வயல் நலமா. அவர்கள் வழக்கப்படி எல்லோரையும் வரிசையாக விசாரித்தார். கடலை போட்ட இடத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டிருக்கிறோம், பிடித்துக்கொண்டது என்றார். நீ தங்கிய அறையை மெழுகி வைத்திருக்கிறேன் என்றார். சாவியைப் பற்றி ஒன்றுமில்லை. பின்னால் கோழி கத்துவது கேட்டது.

நான் வேறு ஊருக்கு மாறுகிறேன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் கமிட்டி வாசலில் போய் நைனாவுக்காகக் காத்திருந்தேன். லாரி மறைவில் நின்று சொன்னேன். அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ஒண்ணு கூடவா மொளைக்கல?”

“அங்கொண்ணு இங்கொண்ணு.”

“நம்ம வெத கொஞ்சம் எட்துனு போயேன். நல்ல வெதயா பாத்து நானே பொறுக்கித் தரேன்.”

“ஏரோப்ளேன்ல விட மாட்டாங்க நைனா. வெத எல்லாம் வேற நாட்டுக்கு எடுத்துப் போவக்கூடாது.”

“அப்ப இன்னாத்த எட்துனு போவ?”

உள்ளே யாரோ நைனாவை அழைத்தார்கள். “சரி, வீட்டுக்குப் போ, வெயிலு” என்று சொல்லிவிட்டு மூட்டைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு வியாபாரி வழியில் என்னைப் பார்த்து, “உங்க நைனா ரெண்டு நாளா உன்னப் பத்திப் பேசறதே இல்லியே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா அவருக்கு?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். என் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்களை எல்லாம் ப்ளாஸ்டிக் உறையில் போட்டு அவர்தான் வைத்திருக்கிறார். அவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. மனிதர் மட்டும் தளர்ந்து போயிருக்கிறார்.

அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதம் ஒரு பக்கத்துக்கும் குறைவு. விதை கெட்டது என்னால், அறையால் அல்ல, வீட்டம்மாவைப் பற்றிக் குறித்து வைத்திருப்பதை அடித்துவிடுங்கள், என்னை அனுப்புவதானால் அதே கிராமத்துக்கு அனுப்புங்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. மூன்று நாள் கழித்து, தலைவி ஒப்புக்கொண்டால் போகலாம் என்றார்கள்.

தலைவியிடம் எழுத்தில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. குழுவில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. யாரோ ஒருவர் படித்துச் சொல்லும்போது வார்த்தை மாறும். வீட்டில் ஆட்கள் இருந்ததால் காலையில் ராஜகிரி மலையடிவாரம் வரை நடந்து போய், ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று பேசினேன். அவர்கள் பாஷை எனக்கு அரைகுறைதான். ஐந்து முறை பேசி அழித்தேன். ஒவ்வொரு முறையும் நானறியாமல் ஏதாவது ஒரு காரணம் உள்ளே வந்துவிட்டது. மழை சீக்கிரம் வந்தது, மெஷின் கெட்டது, எல்லோர் விரலும் புண். ஆறாவது முறை அவற்றை எல்லாம் விட்டுவிட்டேன். தண்ணீர் தெளிக்கச் சொன்னது நான். விதைக்கு ஆகாது என்று நான் படித்திருந்தேன். ‘விதைக்குமா’ என்று அமாயி கேட்டார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டத்தில் பொய் சொன்னேன். மூட்டைகள் ஒழுகும் பக்கம் இல்லை. இதை எல்லோரும் இருக்கும்போது, அமாயியும் பாயில் உட்கார்ந்திருக்கும்போது, சத்தமாகப் போடுங்கள். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட வரவில்லை.

அனுப்பிவிட்டேன். அவர்கள் கேட்டதற்கு அடையாளமாக மைக் குறி நீலமாக மாறிவிட்டது. இரண்டு நாளாகிறது, பதில் இல்லை. அவர்கள் கூட்டம் வியாழக்கிழமை. நான் வரவேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிடலாம். சாவியை அமாயியிடம் திருப்பிக் கொடுக்காமலும் இருக்கலாம். கொடுத்தாலும் அமாயி என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வரச் சொன்னால்தான் போவேன் என்று காத்திருக்க என்னால் முடியவில்லை. தலைநகரத்துக்கு இருந்த டிக்கெட்டை இன்று காலை முன்தேதிக்கு மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை கிளம்புகிறேன், வியாழக்கிழமைக்குள் மாமரத்தடிக்குப் போய்விடலாம்.